குறி பார்க்காத துப்பாக்கி

அந்தப் போட்டோவை நீங்களும் பார்த்திருப்பீர்கள். ஒரு நீளமான மேஜை. அதன்மேல் விறகு மாதிரி அடுக்கி வைத்த நாட்டுத் துப்பாக்கிகள். பின்னால் விறைப்பாக நிற்கும் அதிகாரிகள். கீழே, 'மலைக் கிராம மக்கள் தாமாக முன்வந்து ஒப்படைத்தனர்' என்று ஒரு வரி. சேர்வராயன், கொல்லிமலை, கல்வராயன், பச்சைமலை என்று ஊர் மாறும். போட்டோ மாறாது.

முறை இதுதான். உரிமம் இல்லாத துப்பாக்கி வைத்திருந்தால் இந்தத் தேதிக்குள் கொடுத்துவிடுங்கள், கேஸ் கிடையாது என்று ஊர் ஊராகச் சொல்வார்கள். நேரில் வரக் கூச்சமாக இருந்தால் ஊர்ப் பெரியவர் கையில் கொடுக்கலாம். அதற்கும் பயமாக இருந்தால் ராத்திரியோடு ராத்திரியாகப் பொது இடத்தில் போட்டுவிட்டுப் போகலாம். காலையில் கோயில் திண்ணையில் சாமிக்குத் துணையாக நாலு துப்பாக்கி படுத்திருக்கும். போட்டோ. டீ. முடிந்தது. சில வருஷம் கழித்து மறுபடி அதே மாதிரி மேஜை, அதே மாதிரி துப்பாக்கிகள். போன தடவையே எல்லாவற்றையும் வாங்கியாகிவிட்டதே, இது எங்கிருந்து முளைத்தது என்று ஒருத்தரும் கேட்பதில்லை.

நான் கேட்கப் போகிறேன். அதற்கு முன்னால் ஒன்று சொல்லிவிடுகிறேன். நான் பி.காம். படித்தவன். எனக்குத் தெரிந்த ஒரே மருந்து இருமல் மருந்து. வேட்டைக்கு வக்காலத்து வாங்கவும் வரவில்லை. ஒரு கோர்ட் வராண்டாவில், சணல் கயிறு கட்டி, அட்டை தொங்கவிட்டு வைத்திருந்த நாட்டுத் துப்பாக்கி ஒன்றைப் பக்கத்தில் நின்று பார்த்தேன். அன்றைக்கு ஆரம்பித்த குடைச்சல்தான் இது.

போலீஸ் குறிப்பில் அதற்கு எஸ்.பி.எம்.எல். என்று பெயர். ஒற்றைக் குழல், வாய் வழியாக நிரப்புவது என்பதன் சுருக்கம். ஈழத் தமிழர்கள் இதை இடியன் துவக்கு என்பார்கள். என்ன அழகான பெயர்! வேலை முழுக்கப் பெயரிலேயே இருக்கிறது. குழலின் வாயில் கருமருந்தைக் கொட்டி இடிக்க வேண்டும். ரவையோ ஈயக் குண்டோ, நம்ம ஊர் என்றால் சைக்கிள் பால்ரஸோ, அதையும் போட்டு இடிக்க வேண்டும். ஒரே ஒரு வெடி. அடுத்த வெடிக்கு ஆதியிலிருந்து ஆரம்பம். அதுவரைக்கும் பன்றி காத்திருக்க வேண்டும்.

நல்ல துப்பாக்கி என்றால் அதில் குறி பார்க்க இரண்டு சமாசாரம் இருக்கும். கண்ணுக்குப் பக்கத்தில் குழல் மேல் ஒரு சின்ன வெட்டு. குழலின் நுனியில் ஒரு மணி. வெட்டுக்குள் மணி உட்கார வேண்டும், மணிமேல் இலக்கு உட்கார வேண்டும். கண்ணாடியும் கிடையாது, தொலைநோக்கியும் கிடையாது. திறந்த குறி என்பது இவ்வளவுதான். நூற்றாண்டுக் கணக்காக உலகம் முழுக்க இதை வைத்துத்தான் சுட்டார்கள்.

நான் பார்த்த துப்பாக்கியில் வெட்டு இல்லை. நுனியில் ஈயப் பற்று மாதிரி ஒரு பொட்டு. அதுவும் இடப்பக்கம் ஒதுங்கியிருந்தது. காவலுக்கு நின்ற போலீஸ்காரரிடம், "இதை வெச்சு எப்படிண்ணே குறி பாக்கறது?" என்று கேட்டேன். அவர் என்னைப் பரிதாபமாகப் பார்த்தார்.

"குறியா? முன்னாடி வெடிச்சா பன்னிக்குக் கண்டம். பின்னாடி வெடிச்சா சுடறவனுக்குக் கண்டம். அவ்வளவுதான் சார் இதுல."

திருச்செங்கோட்டு ரிக் வண்டி தேசம் முழுக்கப் போய் பூமியில் ஆயிரம் அடிக்கு நூல் பிடித்த மாதிரி ஓட்டை போடுகிறது. துளை போடுவதில் ஊருக்கே வாத்தியார் நாம். ஆனால் நம் பக்கத்து மலையில் ஒருத்தன் உயிரை நம்பி வைத்திருக்கிற குழலின் துளை நேரா, கோணலா என்று பார்க்க ஆள் இல்லை. ஏன் என்றால், அப்படி ஒரு பொருளே இல்லை என்று நாம் பாவனை செய்துகொண்டிருக்கிறோம்.

இதே வாய்வழித் துப்பாக்கி அமெரிக்காவில் என்ன பாடு படுகிறது தெரியுமா? அங்கே பல மாநிலங்களில் இதற்கென்றே தனி வேட்டைப் பருவம் உண்டு. பென்சில்வேனியாவில் 1974-லிருந்து, சக்கிமுக்கிக் கல்லில் பொறி பறக்க வெடிக்கும் பழைய ரகத்துக்கென்று ஒரு பருவம் வைத்திருக்கிறார்கள். அந்தப் பருவத்தில் தொலைநோக்கி மாட்டக் கூடாது. தாத்தா சுட்ட மாதிரி சுட வேண்டும்.

அதில் இறங்குகிறவன் முதலில் துப்பாக்கியைத் தேர்ந்தெடுக்கிறான். தோளுக்குப் பொருந்துகிறதா, கன்னத்தைக் கட்டையில் வைத்தால் கண் தானாகக் குறிக்கு நேரே வருகிறதா, இந்த எடையைக் கை நடுங்காமல் தாங்க முடியுமா, குழலின் உள்ளே வழவழப்பா அல்லது குண்டைச் சுழற்றி அனுப்பும் வரிப்பள்ளம் உண்டா என்றெல்லாம் பார்க்கிறான். வழவழப்புக் குழலில் ஒற்றைக் குண்டு போட்டால் கொஞ்ச தூரம்தான் சொன்ன பேச்சு கேட்கும். அதற்கு அப்புறம் அது எங்கே போகும் என்று அதற்கே தெரியாது. ரவையாகப் போட்டால் போகப் போக விரிந்துகொண்டே போகும். இதெல்லாம் தெரிந்துதான் வாங்குகிறான்.

வாங்கியதும் காட்டுக்கு ஓடுவதில்லை. சுடுகளத்துக்குப் போகிறான். மருந்தின் அளவை முதலில் முடிவு செய்கிறான். அளவு மாறினால் குண்டு விழும் இடமும் மாறும் என்பதால் அதை அப்புறம் தொடுவதில்லை. இருபத்தைந்து கஜத்தில் ஒரு காகிதத்தைக் கட்டி, துப்பாக்கியை மணல் மூட்டை மேல் சாய்த்து, நிதானமாக மூன்று வெடி. மூன்றும் மூன்று பக்கம் போனால் தப்பு துப்பாக்கியிலோ தன் கையிலோ இருக்கிறது. மூன்றும் பக்கத்துப் பக்கத்தில் விழுந்து, ஆனால் நடுப்புள்ளியை விட்டு விலகியிருந்தால், தப்பு குறியில் இருக்கிறது. வலது பக்கம் போகிறதா? பின்குறியை இடது பக்கம் நகர்த்து. கீழே விழுகிறதா? முன்மணியைக் கொஞ்சம் அரத்தால் ராவு. ஒரேயடியாக ராவிவிடாதே, ராவினது திரும்ப வளராது. ஒவ்வொரு வெடிக்கும் நடுவில் குழலுக்குள் படியும் கரியைத் துணி விட்டுத் துடைக்க வேண்டும், இல்லாவிட்டால் அடுத்த குண்டு வேறு மாதிரி போகும். அப்புறம் ஐம்பது கஜத்தில் இதே கூத்து. கடைசியில் ஒரு தூரம் தெரியவரும். இதற்கு மேல் என் குண்டு எனக்கு உத்தரவாதம் இல்லை என்கிற தூரம். அதற்கு அப்பால் மான் நின்றால் துப்பாக்கியை இறக்கிவிட வேண்டும்.

இவ்வளவும் ஒரு மானுக்காக. குறி தவறி அது காயத்தோடு ஓடிச் சாகக் கூடாது என்பதற்காக. ஜெர்மனியில் இன்னும் மோசம். பரீட்சை எழுதி, சுட்டுக் காட்டிப் பாஸ் பண்ணினால்தான் வேட்டை உரிமமே.

நம்ம ஊரில் இதில் ஒன்று நடக்குமா? சுட்டுப் பார்க்கச் சத்தம் வரும். சத்தம் வந்தால் ஜீப் வரும். அதனால் எவனும் சுட்டுப் பார்ப்பதில்லை. துப்பாக்கியைத் தேர்ந்தெடுப்பதும் இல்லை, அப்பன் கூரையில் சொருகி வைத்தது கைக்கு வருகிறது. அதன் முதல் பரிசோதனையே நடுராத்திரியில், நெத்தி லைட்டு வெளிச்சத்தில், சோளக்காட்டுக்குள் ஏதோ அசைகிற திசையில் நடக்கிறது. அந்த அசைவு எப்போதும் பன்றியாகத்தான் இருக்கும் என்று யார் சொன்னது?

கல்வராயன் அடிவாரத்தில் ஒரு கிராமத்தில் அந்த அம்மாவைப் பார்த்தேன். ஊர் பெயர் வேண்டாம். புருஷனும் அவள் அண்ணனும் ஒன்றாகத்தான் ராத்திரி போயிருக்கிறார்கள். ஆளுக்கொரு பக்கமாக ஓடையைச் சுற்றி வந்திருக்கிறார்கள். எதிர்ப் புதரில் சலசலப்பு. அண்ணன் சுட்டுவிட்டார். பன்றி இல்லை, மச்சான்.

"அண்ணன் வேணும்னு பண்ணலீங்க. பன்னின்னு நெனச்சிருச்சு. அதுதான் தோள்ல தூக்கிக்கிட்டு ரோடு வரைக்கும் ஓடியாந்துச்சு."

ஓடி வந்து சேரும்போது உயிர் இல்லை. அண்ணன் ஜெயிலுக்குப் போனார். ஜாமீனுக்கு அலைந்தது யார்? தாலி அறுத்த அதே தங்கைதான். ஜாமீன் செலவுக்கு ஆட்டை விற்றிருக்கிறாள். கோர்ட்டில் சாட்சி சொல்லக் கூப்பிட்டிருக்கிறார்கள். "யாருக்காகப் போயி என்ன சொல்றதுன்னு நீங்களே சொல்லுங்க" என்றாள். எனக்கு என்ன தெரியும்? முறத்தில் இருந்த சோளத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

சேலம், தர்மபுரி, கள்ளக்குறிச்சிப் பக்கத்து செய்திகளைப் புரட்டுங்கள். 'வேட்டைக்குச் சென்றபோது தவறுதலாகக் குண்டு பாய்ந்து' என்கிற வாக்கியம் அச்சு மாறாமல் வந்துகொண்டே இருக்கும். எந்தத் தவறு என்று மட்டும் யாரும் எழுதுவதில்லை.

இப்போது சட்டத்துக்கு வருவோம். 1805-ல் சங்ககிரிக் கோட்டையில் தீரன் சின்னமலையைத் தூக்கில் போட்ட கையோடு வெள்ளைக்காரனுக்கு நம் கையில் இருந்த எல்லாக் குழல் மேலும் சந்தேகம். 1878-ல் லிட்டன் பிரபு கொண்டுவந்த ஆயுதச் சட்டத்தில் இந்தியனுக்கு உரிமம் கட்டாயம், ஐரோப்பியனுக்கு விலக்கு. சுதந்திரம் வந்து, 1959-ல் நாமே ஒரு சட்டம் எழுதினோம். அதன் 13-வது பிரிவைத் தேடிப் படித்தேன். படித்துவிட்டு நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தேன். உண்மையாகவே பயிரைக் காப்பதற்கு என்றால், வாய் வழியாக நிரப்பும் துப்பாக்கிக்கு உரிமம் கொடுக்க வேண்டும் என்று அதில் போட்டிருக்கிறது. மறுக்கத் தனிக் காரணம் இல்லையென்றால், 'கொடுக்கலாம்' கூட இல்லை, 'கொடுக்க வேண்டும்'. அந்தத் துப்பாக்கி பயிர்க் காவலுக்குப் போதாது என்று அதிகாரிக்குத் தோன்றினால் அதைவிட நல்லதாகவே கொடுக்கலாமாம்!

அதாவது மேஜை மேல் அடுக்கி வைத்துப் போட்டோ பிடிக்கிறோமே, அதே ரகத் துப்பாக்கி. பார்லிமென்ட்டில் உட்கார்ந்து பெயர் சொல்லி விவசாயிக்கு என்று எழுதிவைத்தது. 2016-ல் வந்த ஆயுத விதிகள், உரிமம் கேட்பவர் துப்பாக்கியைப் பத்திரமாகக் கையாளும் பயிற்சி முடித்திருக்க வேண்டும் என்கின்றன. நல்ல விதி. ஆனால் கருமந்துறைக்காரரோ செம்மேட்டுக்காரரோ அந்தப் பயிற்சிக்கு எந்த பஸ் பிடித்து எங்கே போவார்?

பக்கத்து மாநிலத்தைப் பாருங்கள். குடகில் கொடவர்களுக்கும் ஜம்மா நிலம் வைத்திருப்பவர்களுக்கும் துப்பாக்கி வைத்துக்கொள்ள உரிமமே தேவையில்லை. 1861-லிருந்து வருகிற விலக்கு. 2019-ல் மத்திய அரசு அதை இன்னும் பத்து வருஷத்துக்கு, 2029 வரை நீட்டித்தது. 2021-ல் கர்நாடக உயர்நீதிமன்றமும் செல்லும் என்று சொல்லிவிட்டது. அவர்கள் வீட்டில் துப்பாக்கிக்குப் பூஜை போடுகிறார்கள், திருவிழா நடத்துகிறார்கள். குடகு பற்றி எரிந்துவிடவில்லை. நம்ம மலைக்காரன் கையில் உரிமம் இல்லாமல் ஒன்று இருந்தால், 2019 திருத்தத்துக்கு அப்புறம், குறைந்தது 2 வருஷம், அதிகம் போனால் 5 வருஷம் உள்ளே. செய்து கொடுத்த கொல்லனுக்கு 7 வருஷத்தில் ஆரம்பித்து ஆயுள் வரைக்கும். அங்கே பாரம்பரியம், இங்கே பயங்கரம்!

பாரம்பரியம் என்றால் நமக்கு மட்டும் இல்லையா? ஆடி மாசம் கொல்லிமலை ஏறிப் பாருங்கள். 70 கொண்டை ஊசி வளைவு தாண்டி செம்மேட்டில் குதிரை மேல் வல்வில் ஓரி நிற்கிறார். அரசாங்கமே விழா எடுக்கிறது, வில் போட்டி வைக்கிறது. எதற்கு? ஒரே அம்பில் யானை, புலி, மான், காட்டுப்பன்றி, உடும்பு என்று ஐந்தையும் துளைத்தவர் என்று புறநானூற்றில் வன்பரணர் பாடி வைத்திருக்கிறார் என்பதற்கு. அந்த லிஸ்ட்டை எடுத்துக்கொண்டு வனத்துறை ஆபீசுக்குப் போனால் யானை, புலி, உடும்பு மூன்றும் முதல் அட்டவணை. ஓரிக்கு ஜாமீன் கிடைப்பதே கஷ்டம். விழாவை நிறுத்துங்கள் என்று சொல்லவில்லை. குறி தவறாதவனுக்குச் சிலை வைத்த மலையில், குறியே இல்லாத துப்பாக்கியோடு ஒருத்தன் இருட்டில் நிற்கிறானே என்பதுதான் என் வயிற்றெரிச்சல்.

அவன் ஏன் நிற்கிறான்? எல்லாரும் கறிக்காக நிற்பதில்லை. இறங்கி சேந்தமங்கலம், ராசிபுரம் பக்கம் வந்து குச்சிக்கிழங்குக் காட்டைப் பாருங்கள். நம்ம ஜவ்வரிசி எல்லாம் அங்கிருந்துதான். ஒரு பன்றிக் கூட்டம் ராத்திரி இறங்கினால் தின்பது கொஞ்சம், கிளறிப் போடுவது முக்கால்வாசி. பத்து மாசப் பயிர். வரவு, செலவு எல்லாம் எழுதி முடித்துக் கடைசிப் பக்கம் வரும்போது யாரோ நோட்டையே கிழித்துப் போட்ட மாதிரி. பகலில் மயில். மயிலைப் பற்றிப் பேசவே கூடாது, அது தேசியப் பறவை. நிலக்கடலை விதைத்த அன்றைக்கே வந்து தேசப்பற்றோடு பொறுக்கிவிட்டுப் போகும்.

1959-ன் சட்டம் துப்பாக்கியைக் கொடுக்கிறது. 1972-ன் வன உயிரினச் சட்டம் விசையில் விரல் வைக்காதே என்கிறது. தலைமை வன உயிரினக் காப்பாளரோ அவர் அதிகாரம் கொடுத்தவரோ எழுத்துமூலம் அனுமதித்தால்தான் பயிரை அழிக்கும் பன்றியைக்கூடச் சுடலாம். ஆக உரிமத்தோடு துப்பாக்கி வைத்திருப்பவரும் வானத்தைப் பார்த்துத்தான் சுட வேண்டும். அதுவும் தேர்தல் வந்துவிட்டால் துப்பாக்கியை ஸ்டேஷனில் கட்டி வைத்துவிட வேண்டும். பன்றிக்கு நடத்தை விதிகள் கிடையாது.

கேரளாவில் 2022-ல் ஒரு வழி கண்டுபிடித்தார்கள். உரிமம் உள்ள, சுடத் தெரிந்த ஆட்களின் பட்டியலை வைத்துக்கொண்டு, பயிரை அழிக்கும் பன்றியைச் சுட உத்தரவிடும் அதிகாரத்தைப் பஞ்சாயத்துத் தலைவர்களிடம் கொடுத்தார்கள். நம் சட்டசபையில் 2025 ஜனவரியில், அப்போது வனத்துறை அமைச்சராக இருந்த பொன்முடி ஓர் ஏற்பாட்டை அறிவித்தார். காப்புக்காட்டிலிருந்து ஒரு கிலோமீட்டருக்குள் சுடக் கூடாது. ஒன்றிலிருந்து மூன்று வரை பிடித்துக் காட்டில் விட வேண்டும். மூன்றுக்கு அப்பால் வனத்துறையினரே சுடுவார்கள். பேப்பரில் படிக்க நன்றாகத்தான் இருந்தது. ஆனால் சேலம், நாமக்கல் தரையைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். இங்கே காடு ஒரு பக்கம், ஊர் ஒரு பக்கம் என்று இல்லை. போதமலை, ஜருகுமலை என்று சமவெளி நடுவே தீவு தீவாக மலை. நிறைய வயல் மூன்று கிலோமீட்டருக்குள்ளேயே வந்துவிடும். பன்றி ஓடையில் தூங்கி எழுந்து நடந்து வரும். அதற்கு மைல்கல் படிக்கத் தெரியாது.

துப்பாக்கியும் இல்லை, ஆளும் வரவில்லை என்றால் விவசாயி என்ன செய்வார்? சும்மா இருப்பாரா? கரண்ட் வேலி போடுகிறார். 2023 மார்ச்சில் பக்கத்து தர்மபுரி மாவட்டத்தில், மாரண்டஹள்ளி பக்கம், பன்றிக்கு வைத்த கள்ளக் கரண்ட் வேலியில் மூன்று யானை செத்து விழுந்ததே, மறந்துவிட்டீர்களா? குட்டி இரண்டு தாயைச் சுற்றிச் சுற்றி வந்ததை டி.வி.யில் பார்த்து நாம் எல்லாம் உச்சுக் கொட்டினோமே. இன்னொருத்தர் அவுட்டுக்காய் வைக்கிறார். தின்னும் பண்டத்துக்குள் வெடி. பன்றி கடித்தால் பன்றி வாய் போகும், மாடு கடித்தால் மாட்டின் வாய், பொறுக்கிய குழந்தைக்குக் கை. துப்பாக்கிக்காவது ஒரு திசை உண்டு.

இனி உங்களிடம் வருகிறேன். ஆமாம், உங்களிடம்தான். ஃபேர்லேண்ட்ஸிலோ அண்ணா நகரிலோ காப்பி குடித்துக்கொண்டே இதைப் படித்து, ஐயோ பாவம் மலை மக்கள் என்று நினைத்தீர்களே, போன டிசம்பரில் நாலு நண்பர்களோடு மலைக்கு ரூம் போட்டீர்களே, ஞாபகம் இருக்கிறதா? ராத்திரி பாட்டில் திறந்ததும் ரூம் பையனிடம் குரலைத் தாழ்த்தி, "தம்பி, காட்டு அயிட்டம் ஏதாவது கிடைக்குமா?" என்று கேட்டது யார்? கோழிப்பண்ணை தேசமான நாமக்கல்லைத் தாண்டித்தானே மலை ஏறினீர்கள்? கோழி போதவில்லையா?

நீங்கள் நீட்டிய அந்த நோட்டுதான் கூரையில் சொருகிய குழலைக் கீழே இறக்குகிறது. பயிருக்காக நிற்கிறவன் பன்றி ஓடினால் போதும் என்று வீட்டுக்குப் போய்விடுவான். ஆர்டர் எடுத்தவன் போக முடியாது. அவன் விடிவதற்குள் எதையாவது சுட்டாக வேண்டும். பன்றி கிடைக்கவில்லையென்றால் மான், மான் இல்லையென்றால் முயல், உடும்பு. பிடிபட்டால் அவன் போட்டோ பேப்பரில் வரும், பக்கத்தில் துப்பாக்கியும் செத்த மானும். உங்கள் போட்டோ வராது. நீங்கள் காலையில் அருவியில் குளித்துவிட்டு இறங்கிவிடுவீர்கள்.

2023 பிப்ரவரியில் மேட்டூருக்கு மேலே, கொளத்தூர் கோவிந்தபாடிக்காரர்கள் சிலர் ராத்திரி பரிசலில் பாலாற்றுப் பக்கம் போனார்கள். கர்நாடக வனத்துறை சுட்டதில் ஒருவர் செத்துக் காவிரியில் மிதந்தார். வேட்டையாட வந்து நாட்டுத் துப்பாக்கியால் எங்களைச் சுட்டார்கள், திருப்பிச் சுட்டோம் என்றது வனத்துறை. மீன் பிடிக்கப் போனவர்கள் என்றது ஊர். எது உண்மையோ, அக்கரையில் நல்ல குறியோடு துப்பாக்கி இருந்தது. கறிக்குப் பணம் கொடுக்கிற எந்த மேஜையிலும் அன்றைக்கு இழவு விழவில்லை.

துப்பாக்கியை எல்லாம் விவசாயி கையில் கொடுத்தால் காட்டில் ஒரு ஜீவன் மிஞ்சுமா என்று வன ஆர்வல நண்பர் ஒருவர் சண்டைக்கு வந்தார். அவர் மேல் எனக்கு மரியாதை உண்டு. அவருக்கும் இதே பதில்தான். யாரும் புதிதாகக் கொடுக்க வேண்டியதில்லை சார், துப்பாக்கி ஏற்கனவே அங்கே இருக்கிறது. நம் பார்வைக்கு வராமல், நம்பர் இல்லாமல், யார் கையில் என்று தெரியாமல் இருக்கிறது. மேஜை போட்டு வாங்குகிற அன்றைக்கே, பயிர்க் காவலுக்கு உண்மையாகவே தேவைப்படுகிறவர் யார் என்று ஒரு பட்டியல் எடுங்கள். அவருக்கு நம்பர் அடித்த, பரிசோதித்த, வெட்டும் மணியும் சரியாக இருக்கிற ஒன்றைக் கொடுங்கள். ஆயுதப்படை மைதானத்தில் வருஷத்துக்கு ஒரு நாள் காகிதத்தில் சுடச் சொல்லுங்கள். மூன்று வெடியும் உள்ளங்கை அகலத்துக்குள் விழாதவருக்கு உரிமம் புதுப்பிக்காதீர்கள். எந்தப் பன்றி, எந்த வயல், எந்த வாரம் என்று எழுதிக் கொடுத்துவிட்டு, சுட்டதும் வந்து எண்ணிப் பாருங்கள். அது முடியாது, சுடுவது அரசாங்கத்தின் வேலை என்றால் அதுவும் சரி. அப்படியானால் போன் பண்ணின ராத்திரியே வாருங்கள். அறுவடைக்கு அப்புறம் வராதீர்கள். நஷ்ட ஈட்டையும் அடுத்த விதைப்புக்கு முன்னால் கொடுத்துவிடுங்கள்.

இதை எழுதுவதற்கு முன்னால் சேந்தமங்கலம் பக்கத்து விவசாயி ஒருவர், "ஏனுங்க, அந்தப் பதிமூணாம் பிரிவுன்னு சொன்னீங்களே, அதைப் போட்டு எனக்கொரு மனு எழுதிக் குடுங்களேன்" என்று கேட்டார். எழுதிக் கொடுத்தேன். என் பி.காம். ஆங்கிலம் முழுவதையும் இறக்கி, சர்வே நம்பர், பயிர், பரப்பளவு எல்லாம் போட்டு இரண்டு பக்கம். ஓர் அலுவலகத்தில் கொண்டுபோய்க் கொடுத்திருக்கிறார். அங்கிருந்தவர் படித்துப் பார்த்துவிட்டு, பன்றி சேதம் பண்ணுகிற போட்டோ வேண்டும், தேதியும் நேரமும் தெரிய வேண்டும் என்றாராம்.

"பன்னியை நில்லு சாமின்னு சொல்லி எடுக்கோணுங்களா?" என்று எனக்குப் போன் பண்ணினார்.

இப்போது பரண் மேல் ஒரு தகர டின்னும் குச்சியும் வைத்துக்கொண்டு அவரும் மகனும் முறை போட்டு உட்காருகிறார்கள். மனு எந்த மேஜையில் இருக்கிறது என்று தெரியவில்லை. கிழங்கு பிடுங்க இன்னும் இரண்டு மாசம் இருக்கிறது.